இரண்டரை மீட்டர் கார்: ஓட்டுவதில் ருசி இருக்கிறதா?

பின்னிழுவை:

வணக்கம். கார் ஓட்டுவதே பெரிய சந்தோஷம் என்று இருப்பவர்களிடம்தான் இதைக் கேட்க முடியும்.

என்னிடம் இருப்பது ஆறு சிலிண்டர், மேனுவல் கியர், பின்சக்கர இழுவை செடான். திறந்த சாலையில் விட்டால் அதற்கு ஈடு கிடையாது. ஆனால் என் அன்றாட ஓட்டம் ஊருக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. மூன்றாவது கியர் போடுவதே அபூர்வம். இன்ஜின் ஆயில் சூடேறுவதற்குள் போக வேண்டிய இடம் வந்துவிடும். இப்படிக் குளிர்ந்தபடியே கிளப்புவதும் அணைப்பதுமாக இருந்தால் அந்த இன்ஜின் எத்தனை நாள் தாங்கும் என்பது இங்கே யாருக்கும் தெரியாததல்ல. அதனால் ஊருக்குள் ஓட்ட மட்டும் ஒரு குட்டிக் கார் சேர்த்துக்கொள்ளலாம் என்று யோசிக்கிறேன்.

மனதில் இருப்பவை மூன்று: இரண்டரை மீட்டர் நீளமே உள்ள, இரண்டு பேர் உட்காரும் பழைய ஸ்மார்ட் ஃபோர்டூ, டொயோட்டா ஐக்யூ, இல்லையென்றால் சிட்ரோயன் ஆமி மாதிரி இரண்டு பேர் உட்காரும் மின்சார வண்டி.

ஸ்மார்ட்டை ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். ஒன்றிலிருந்து இரண்டுக்கு கியர் மாறும்போது வண்டி மூச்சை நிறுத்தியது போலாகி, என் தலை முன்னால் போய் வந்தது. அது எனக்குப் பிடிக்கவே இல்லை. ஆனால் அதே ஓட்டத்தில், என் செடானில் இரண்டு முறை ரிவர்ஸ் போட வேண்டிய ஒரு குறுகலான தெருவில், ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து ஒரே வீச்சில் திரும்பினேன். அந்தத் திருப்பம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

நண்பர்களைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒருவர் ஸ்மார்ட்டைக் காரோடு சேர்க்கவே கூடாது என்கிறார். இன்னொருவர் தன் பெரிய காரை விற்றுவிட்டு இதையே வைத்திருக்கலாம் என்கிறார். இருவருமே நன்றாக ஓட்டத் தெரிந்தவர்கள்.

சின்ன இடம், சின்ன டிக்கி, தெருவில் பார்க்கிறவர்களின் சிரிப்பு இவையெல்லாம் எனக்குப் பொருட்டே இல்லை. ஓட்டும்போது கையிலும் காலிலும் முதுகிலும் என்ன தெரிகிறது, அது கொஞ்ச நாளில் சலித்துவிடுமா, அடிபட்டால் கதி என்ன, இந்த மூன்றும்தான் எனக்கு வேண்டும். வைத்திருந்தவர்கள் எழுதுங்கள்.

மூணுசிலிண்டர்:

நண்பரே, நான் வைத்திருப்பது முதல் தலைமுறை ஃபோர்டூ, 698 சிசி. வேறு வண்டிகளைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும், இதைப் பற்றி நான் சொல்கிறேன்.

முதலில் அந்தத் தலையாட்டல். அந்த கியர்பாக்ஸ் சாதாரண ஆட்டோமேட்டிக் கிடையாது. உள்ளே இருப்பது மேனுவல் பெட்டியேதான். கிளட்சை உங்கள் காலுக்குப் பதில் ஒரு சின்ன மோட்டார் தள்ளுகிறது. கிளட்ச் விலகும்போது இழுவை அறுந்துபோகும். நீங்கள் ஆக்ஸிலரேட்டரை மிதித்தபடியே இருந்தால் அந்த அறுந்த நொடி அப்படியே கழுத்துக்கு வரும். அதை ஆட்டோவில் விடாதீர்கள். லீவரை நீங்களே தட்டுங்கள். தட்டும் அதே நொடியில் வலது காலைக் கொஞ்சம் தளர்த்துங்கள், முழுக்க எடுக்க வேண்டாம். முதுகுக்குப் பின்னால் ‘டொக்’ என்று கியர் விழும் சத்தம் வரும். வந்ததும் மெல்ல மறுபடி மிதியுங்கள். ஆட்டம் ஏறக்குறைய போயே போய்விடும். மேனுவல் ஓட்டிப் பழகிய உங்களுக்கு இது சீக்கிரம் கைவரும். ஆட்டோமேட்டிக் மட்டுமே ஓட்டியவர்கள்தான் இந்த வண்டியை அதிகம் திட்டுவார்கள்.

அடுத்தது முதுகு. இரண்டு அச்சுக்கும் நடுவே 1812 மில்லிமீட்டர்தான். ஸ்பீட் பிரேக்கரில் முன்சக்கரம் ஏறி இறங்கி, ஸ்பிரிங் அடங்குவதற்குள் பின்சக்கரம் ஏறத் தொடங்கிவிடும். பெரிய காரில் இரண்டு தனித்தனி அதிர்ச்சியாக வருவது இதில் ஒரே குலுக்கலாக வரும். மேட்டுக்கு முன்னாலேயே பிரேக் பிடித்து முடித்துவிட்டு, ஏறும்போது பிரேக்கை விட்டுவிட வேண்டும். பிரேக்கை மிதித்தபடியே ஏறினால் மூக்கு தாழ்ந்திருக்கும், ஸ்பிரிங்குக்கு அமுங்க இடமே இருக்காது. எந்தக் காருக்கும் இதுதான் முறை. ஆனால் இதில் தவறினால் உடனே இடுப்பு சொல்லிவிடும். ஒழுங்காக ஓட்டக் கற்றுக்கொடுக்கும் கார் என்று நான் இதைச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வளைவில் என்ன ருசி என்று கேட்டால், அதிகம் எதிர்பார்க்காதீர்கள். இன்ஜின் பின்னால், இழுவையும் பின்னால் என்பதால் உங்களுக்கு ஆசை வரலாம். ஆனால் முன்னால் மெல்லிய டயரும் பின்னால் அகல டயருமாகப் போட்டு, வேகம் கூடினால் மூக்கு வெளியே போகும்படியே அமைத்திருக்கிறார்கள். வண்டி சறுக்கினால் தானே பிரேக் பிடித்து நேராக்கும் ஈஎஸ்பியும் சீக்கிரமே உள்ளே நுழைந்துவிடும். அதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1997-ல் மெர்சிடிஸ் ஏ கிளாஸ் ஸ்வீடனில் ஒரு திடீர்த் திருப்பச் சோதனையில் கவிழ்ந்தது. அதே குழுமத்திலிருந்து அடுத்து வரவேண்டியிருந்த ஸ்மார்ட்டையும் அதே கண்ணோடு பார்த்து, வெளியீட்டைத் தள்ளிவைத்து, அடிப்பாகத்தைத் திருத்தி 1998 அக்டோபரில்தான் விட்டார்கள். அந்த எச்சரிக்கை இன்றும் ஸ்டீயரிங்கில் தெரிகிறது.

அப்படியானால் ருசி எங்கே? கார் எங்கே முடிகிறது என்று ஒவ்வொரு நொடியும் துல்லியமாகத் தெரிவதில் இருக்கிறது. இருக்கை உயரம். கண்ணாடி நெட்டுக்குத்தாக நிற்கிறது. பின் கண்ணாடி தலைக்குப் பின்னாலேயே இருக்கிறது. பக்கத்து இருக்கையைக் கொஞ்சம் பின்தள்ளி வைத்திருப்பதால் தோளோடு தோள் இடிப்பதில்லை, அந்தப் பக்கத்துக் கண்ணாடியும் மறைவதில்லை. நான்கு மூலையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது நெரிசலைப் பார்க்கும் பார்வையே மாறிவிடுகிறது. எந்தச் சந்து திறக்கும், எந்த வண்டி விலகும் என்று முன்கூட்டியே கணித்து, வேகத்தைக் குறைக்காமல் ஒழுகிக்கொண்டு போக முடிகிறது. இருப்பதே 61 குதிரைத்திறன் என்பதால் வேகத்தை ஒருமுறை தொலைத்தால் திரும்பச் சேர்க்க நேரமாகும். அதனால் வீணாகப் பிரேக் பிடிக்கவே மனம் வராது.

இன்னொன்று. சிக்னல் விழுந்ததும் ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்து, டர்போ விசிலைக் கேட்டு, மூன்றாவது கியருக்கு மாறும் வரைக்கும் இன்ஜினை முழுசாக இழுத்துப் பார்த்தாலும் நீங்கள் ஊர் வேக வரம்புக்குள்தான் இருப்பீர்கள். உங்கள் ஆறு சிலிண்டரில் இரண்டாவது கியரை முழுக்க இழுத்தாலே வரம்பு தாண்டிவிடும். ஒரு இன்ஜினின் முழுக் குரலையும் தினமும் கேட்டு ஓட்டுகிற சந்தோஷம் எனக்கு வேறெந்தக் காரிலும் கிடைக்கவில்லை. சலிக்கவும் இல்லை.

நெடுவழி:

மேலே எழுதியவர் சொன்னவை எல்லாம் உண்மை. நானும் அதே வண்டியை வைத்திருந்து விற்றவன். அவர் தொடாத பகுதியை நான் சொல்கிறேன்.

நெடுஞ்சாலையில் பக்கக் காற்று அடித்தால் இந்த வண்டி ஒரு தடத்தில் நிற்காது. உயரம் ஒன்றரை மீட்டர், நீளம் இரண்டரை, எடை ஏறக்குறைய 730 கிலோ. லாரியை முந்தும்போது முதலில் அதன் மறைவில் காற்று நின்றுவிடும், ஸ்டீயரிங்கைத் தளர்த்துவீர்கள். லாரியின் முகப்பைத் தாண்டியதும் மொத்தக் காற்றும் பக்கவாட்டில் மோதும். இரண்டு கையாலும் பிடித்து இழுத்து நிறுத்த வேண்டியிருக்கும். ஊருக்குள் வரமாக இருந்த குறைந்த அச்சு இடைவெளி அங்கே சாபம்.

அதைவிடப் பெரியது மோதல் கணக்கு. 1000 கிலோ காரும் 2000 கிலோ காரும் மணிக்கு 50 கிமீ வேகத்தில் நேருக்கு நேர் மோதி ஒட்டிக்கொண்டதாக வையுங்கள். இரண்டும் சேர்ந்து பெரிய கார் போன திசையில் ஏறக்குறைய 17 கிமீ வேகத்தில் நகரும். பெரிய காரில் இருப்பவரின் வேகம் 33 கிமீ மாறுகிறது. சின்ன காரில் இருப்பவர் 50-ல் நின்று, அதோடு விடாமல் பின்னோக்கி 17-க்குத் தள்ளப்படுகிறார். அவருக்கு மாற்றம் 67 கிமீ. சரியாக இரண்டு மடங்கு. உடம்புக்குள் இருக்கும் உறுப்புகளுக்கும் அதே கணக்குதான். கூண்டு எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் எடை வித்தியாசம் செய்கிற வேலையை அது தடுக்காது.

2009-ல் கார்களை மோதவிட்டுச் சோதிக்கும் அமெரிக்காவின் ஐஐஎச்எஸ் அமைப்பு இதைச் செய்தே காட்டியது. ஸ்மார்ட் ஃபோர்டூவையும் அதே குடும்பத்து மெர்சிடிஸ் சி கிளாஸையும் மணிக்கு 64 கிமீ வேகத்தில் ஒன்றோடொன்று மோதவிட்டார்கள். ஸ்மார்ட் தரையை விட்டு எழும்பிச் சுழன்று போய் விழுந்தது. தடுப்புச் சுவர் சோதனையில் நல்ல தரம் வாங்கிய அதே கார், இந்த மோதலில் மிக மோசம் என்ற தரத்துக்குப் போனது.

ஓட்டுவதில் ருசி இல்லை என்று நான் சொல்லவில்லை. என் மகள் பக்கத்து இருக்கையில் உட்கார ஆரம்பித்த பிறகு அந்த ருசி என் தொண்டையில் இறங்கவில்லை. இன்றைக்கு ஊருக்குள் மட்டும் என்பீர்கள். அவசரமாக ஒரு வேலை வரும், செடான் ஒர்க்‌ஷாப்பில் இருக்கும், இதை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலை ஏறுவீர்கள். அந்த நாளையும் சேர்த்து யோசியுங்கள்.

அறுநூற்றறுபது:

நெடுவழி அண்ணா, மோதல் கணக்கில் எனக்கு வாதமே இல்லை. ஆனால் பின்னிழுவை சாரின் முதல் கேள்வி ருசியைப் பற்றியது. அதில் மூணுசிலிண்டர் அண்ணாவே ஒரு படி இறங்கி விட்டுக்கொடுத்துவிட்டார் என்று எனக்கு வருத்தம். குட்டிக் கார் என்றால் வளைவில் ருசி இருக்காது என்பது ஸ்மார்ட்டுக்குப் பொருந்தும். எல்லாக் குட்டிக் கார்களுக்கும் பொருந்தாது.

ஜப்பானில் அளவுக்குச் சட்ட வரம்பு வைத்துச் செய்யும் கேய் என்ற குட்டிக் கார்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1998-லிருந்து விதி இதுதான்: நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48, உயரம் 2.0, இன்ஜின் 660 சிசி. சக்தி 64 பிஎஸ் (குதிரைத்திறன்) தாண்டுவதில்லை என்று தயாரிப்பாளர்கள் தங்களுக்குள் ஒப்புக்கொண்டு ஓட்டுகிறார்கள். அதற்கு முன்பு இருந்த விதி இன்னும் இறுக்கம். அந்த இறுக்கத்துக்குள்தான் 1991-ல் ஹோண்டா பீட் வந்தது. டர்போ கிடையாது, 656 சிசி, இன்ஜின் நடுவில், பின்சக்கர இழுவை, மேனுவல் கியர். அந்த 64 பிஎஸ்ஸும் 8100 ஆர்பிஎம்மில்தான் முழுசாகக் கிடைக்கும்.

ஒருவரின் பீட்டை ஓட்டும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. கியர் லீவர் மணிக்கட்டை மட்டும் அசைத்தால் போதும் என்கிற அளவுக்குக் குறுகிய வீச்சு. ஸ்டீயரிங்கில் பவர் கிடையாது, ஆனால் முன்னால் எடையே இல்லாததால் கனக்கவும் இல்லை. சாலையில் ஒட்டியிருந்த ஈர மண் மேல் டயர் ஏறியது விரல் நுனியில் தெரிந்தது. வேகமானியைப் பார்த்தால் சாதாரண வேகம்தான். அதே வருஷம் வந்த சுசூகி கப்பூச்சினோவும், அடுத்த வருஷம் சிறகு போல மேலே திறக்கும் கதவோடு வந்த ஆட்டோசாம் ஏஇசட்-1-ம் இதே விதிக்குள் பிறந்தவை. பழைய மினியின் நீளமும் 3.05 மீட்டர்தானே. அதை வைத்து 1964, 1965, 1967 மூன்று முறை மான்டே கார்லோ ராலியை ஜெயித்தார்கள்.

ஆகவே சார், நீளத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். உங்கள் பட்டியலில் இருப்பவற்றில் என் ஓட்டு ஐக்யூவுக்கு, அதிலும் மேனுவல் கியர் உள்ளதற்கு. 2.985 மீட்டர் நீளத்தில் அதைச் செய்த விதமே எனக்குப் பெரிய ஆச்சரியம். இன்ஜினின் இழுவையை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலைத் திருப்பி இன்ஜினுக்கு முன்னால் வைத்து முன்சக்கரத்தை மூக்கு வரைக்கும் தள்ளினார்கள். பெட்ரோல் டேங்கைத் தட்டையாக்கித் தரைக்கு அடியில் படுக்கவைத்தார்கள். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கைக்கு முன்னால் உள்ள டேஷ்போர்டைக் குடைந்து அந்த இருக்கையை முன்னால் தள்ளினார்கள். அதனால் அதன் பின்னால் ஒரு பெரியவர் உட்காரலாம். நான்கு பேரும் ஏறினால் டிக்கி 32 லிட்டர்தான், ஒரு பைக்கு மேல் போகாது. நான்கு மூலையிலும் சக்கரம், அகலம் 1.68 மீட்டர் என்பதால் ஸ்மார்ட் மாதிரி குதிக்காது. டர்னிங் ரேடியஸ், அதாவது திரும்பும் வட்டத்தின் ஆரம், 3.9 மீட்டர். பின் கண்ணாடிக்கு என்று தனி ஏர்பேக்கோடு சேர்த்து மொத்தம் ஒன்பது ஏர்பேக், ஐரோப்பாவின் மோதல் சோதனை அமைப்பான யூரோ என்கேப்பில் ஐந்து நட்சத்திரம். அண்ணாவின் கவலைக்கும் பாதி பதில் இதில் இருக்கிறது.

நெடுவழி:

தம்பி, பாதி பதில் என்று நீங்களே சொன்னது சரி. தடுப்புச் சுவரில் மோதிப் பார்ப்பது, கிட்டத்தட்ட தன்னைப் போன்ற எடையுள்ள காரோடு மோதுவது மாதிரிதான். எதிரே வருவது இரண்டு டன் எஸ்யூவி என்றால் அந்த நட்சத்திரம் அப்படியே செல்லாது. மூன்றில் ஐக்யூதான் மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கரண்ட்வண்டி:

மூணாவது ஆப்ஷன் பத்தி யாரும் பேசலையே. என்கிட்ட ஆமி இருக்கு, அதனால சொல்றேன்.

சட்டப்படி அது கார் கிடையாது, குவாட்ரிசைக்கிள், அதாவது நாலு சக்கரம் வச்ச இலகு வண்டி வகை. 45 கிமீக்கு மேல போகாது. 5.5 கிலோவாட் மணி பேட்டரி, நீளம் 2.41 மீட்டர். ஏர்பேக் இல்லை, ஏசி இல்லை. இடது கதவும் வலது கதவும் ஒரே அச்சுல (மோல்டுல) வார்த்தது, அதனால ஒண்ணு முன்பக்கமா திறக்கும், இன்னொண்ணு பின்பக்கமா திறக்கும். வீட்டு பிளக்ல சொருகினா மூணு மணி நேரம் போதும். கடைக்கு, ஸ்டேஷனுக்குன்னு போய்வர எனக்கு இதைவிட நிம்மதியான வண்டி வேற இல்லை.

ஆனா ஓட்டுற ருசி தேடி வர்றவங்களுக்கு இது வேண்டாம். மிதிச்சா போகும், விட்டா நிக்கும், அவ்வளவுதான் அதுல இருக்கு. பாதுகாப்பைப் பத்தி நெடுவழி சார் சொன்னது இதுக்கு இன்னும் அதிகமா பொருந்தும். கார்களுக்கு இருக்கிற மோதல் விதிகள் இந்த வகைக்குக் கிடையாது. யூரோ என்கேப் 2014-லயும் 2016-லயும் சில குவாட்ரிசைக்கிள்களை மோதிப் பார்த்துட்டு நிலைமை ரொம்ப மோசம்னு சொன்னாங்க. எல்லாரும் மெதுவாப் போற தெருவுல மட்டும்தான் நான் எடுப்பேன். வேகமா வண்டி வர்ற பெரிய சாலையில பின்னாடி வர்றவன் நம்மளை நெருக்குறது பயமாத்தான் இருக்கு.

பின்னிழுவை:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு அக்கறையோடு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

மின்சார வண்டியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். என் வழியில் ஒரு மேம்பாலமும் அதன் இரு பக்கமும் வேகச் சாலையும் வருகிறது. 45 கிமீயில் அங்கே போக எனக்குத் துணிவில்லை.

நெடுவழியின் கணக்கைக் காகிதத்தில் நானே போட்டுப் பார்த்தேன். மறுக்க இடமில்லை. ஆனால் அவசர நாளில் குட்டிக் காரை எடுத்து நெடுஞ்சாலை ஏறுவேன் என்பது என் வீட்டில் நடக்காது. மனைவியிடம் வேறொரு கார் இருக்கிறது, வெளியூருக்கு அதுவோ செடானோதான். மேம்பாலத்தில் வேகம் 60-ஐத் தாண்டுவதில்லை.

ஐக்யூ ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தேன். சொன்னது போலவே அடக்கமான வண்டி. உட்கார்ந்ததும் ஒரு நல்ல சாதாரணக் காரின் முன்பாதியில் இருப்பது போல இருந்தது. குறை எதுவும் இல்லை. எனக்கு அதுவே குறையாகவும் பட்டது. ஸ்மார்ட்டை மறுபடி எடுத்து, லீவரைத் தட்டிக் காலைத் தளர்த்திப் பார்த்தேன். நாலாவது ஐந்தாவது முறையிலேயே தலை ஆடுவது நின்றது. தொடர்ந்து இரண்டு சிக்னல், முதல் இரண்டு கியரையும் முழுக்க இழுத்தேன். எனக்கு முடிவு தெரிந்துவிட்டது.

மூணுசிலிண்டர், பழைய ஸ்மார்ட் வாங்கும்போது எதை அவசியம் பார்க்க வேண்டும்?

மூணுசிலிண்டர்:

கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது.

முதலில் இன்ஜின். இந்தச் சின்ன டர்போ இன்ஜின்கள் ஆயில் குடிக்கும். பிஸ்டனின் ஆயில் ரிங் கரி பிடித்து அடைத்துக்கொள்வதுதான் வழக்கமான காரணம். சைலன்சரில் நீலப் புகை வருகிறதா என்று, கீழ்நோக்கிச் சரிவில் காலை எடுத்துவிட்டு இறங்கி, அடியில் மறுபடி மிதிக்கும்போது பாருங்கள். நின்ற இடத்தில் ரேஸ் செய்து பார்த்தால் மறைந்துவிடும். மூன்று சிலிண்டரிலும் கம்ப்ரஷன் (உள்ளே அமுங்கும் காற்றின் அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் தனியாகக் குறைந்தால் எக்ஸாஸ்ட் வால்வு எரிந்திருக்கலாம், அப்படிப்பட்ட வண்டியை விட்டுவிடுங்கள். ஒரு சிலிண்டருக்கு இரண்டு வீதம் ஸ்பார்க் பிளக் மொத்தம் ஆறு. இரண்டாவது வரிசைக்குக் கை போவது சிரமம் என்பதால் பலர் முன்னால் உள்ள மூன்றை மட்டும் மாற்றிவிட்டு முடித்துவிடுவார்கள். ஆறும் மாற்றிய ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள்.

கிளட்சைத் தள்ளும் மோட்டார் அடியில் இருப்பதால் தண்ணீரும் சேறும் பட்டு இறுகிப்போகும். நின்று கிளம்பும்போது உதறினாலோ, நியூட்ரலிலிருந்து கியர் விழத் தயங்கினாலோ அதுதான். மோட்டாரைச் சுத்தம் செய்து, தள்ளுகோலின் இடைவெளியைச் சரிசெய்தாலே பல வண்டிகள் தெளிந்துவிடும். புது கிளட்ச் வேண்டும் என்று யாராவது சொன்னால் முதலில் இதைச் செய்யச் சொல்லுங்கள்.

ஆயில் மாற்றுவதும் இதில் வேறு மாதிரி. இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் வடிகால் போல்ட் வைக்கவில்லை. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் குழாய் வழியாகப் பம்ப் வைத்து உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும். என் வண்டியை முதலில் வைத்திருந்தவர் விட்ட ஒர்க்‌ஷாப்பில் போல்ட்டைத் தேடிக் களைத்து, பழைய ஆயிலோடேயே புதியதை ஊற்றி அனுப்பியிருந்தார்கள். அளவு கூடிப்போய் டர்போ பக்கமெல்லாம் ஆயில். நீங்கள் வாங்கியதும் யாரிடம் விட்டாலும், இதை எப்படி எடுப்பீர்கள் என்று முதலில் கேளுங்கள். பதில் சரியாக வந்தால் மட்டும் சாவியைக் கொடுங்கள். டயரையும் நான்கும் சேர்த்துப் புதிதாகப் போட்டுவிடுங்கள், முன்னும் பின்னும் அளவு வேறு என்பதை மறக்காமல்.